ரெசல்யூட் – கிரைஸ் ஃபியோர்ட்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: கனடாவின் நுனாவுட்டில் ரெசல்யூட்டிலிருந்து கிரைஸ் ஃபியோர்டுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

பதில்: நேர்கோட்டில் சுமார் 385 கி.மீ. அங்கே போகும் ட்வின் ஆட்டர் என்ற சிறிய விமானம் மணிக்கு 270 கி.மீ. அளவில் பறக்கும். ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது போல இருக்கிறதே?

பதில்: வரைபடம் செய்யும் வேலை அது. இணையத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மெர்கேட்டர் வகை. துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் இழுத்துக் காட்டும். 75 பாகை அட்சரேகையில் ஏறக்குறைய நான்கு மடங்கு! இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகையில் 12 பாகை வித்தியாசம். நிலநடுக்கோட்டில் அது 1,300 கி.மீ.க்கு மேல் வரும். இங்கே 330தான். வடக்கே ஏறும் தூரத்தையும் கணக்கில் சேர்த்தால் அந்த 385.

கேள்வி: சாலை?

பதில்: கிடையாது. நடுவே டெவன் தீவு, ஆள் குடியில்லாத தீவுகளில் உலகிலேயே பெரியது. அதன் இரு பக்கமும் கடல்.

கேள்வி: ஜெட் விடலாமே?

பதில்: எங்கே இறக்குவது? கிரைஸ் ஃபியோர்டில் இருப்பது 500 மீட்டர் சொச்சம் நீளமுள்ள சரளை ஓடுபாதை. பின்னால் மலை, முன்னால் கடல். ஊரில் இருப்பவர்களும் 2021 கணக்கெடுப்பின்படி 144 பேர்தான். ட்வின் ஆட்டர் முதன்முதலில் பறந்தது 1965-ல். இந்த மாதிரி இடத்துக்கு இன்றும் அதுதான் கதி.

உள்ளே முன்வரிசை இருக்கைகளை மடக்கிவிட்டு, பால், டயப்பர், உதிரிபாகம் என்று பெட்டிகளை அடுக்கி வலை போட்டுக் கட்டியிருப்பார்கள். நாம் அதற்குப் பின்னால். காதுக்கு அடைப்பான் எடுத்துப் போங்கள், ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: ரெசல்யூட் ஓடுபாதை எண்ணில் 17 என்பதோடு ‘டி’ என்ற எழுத்து ஏன்?

பதில்: நல்ல கண் உங்களுக்கு. மற்ற இடங்களில் ஓடுபாதை எண், அதாவது அது நோக்கும் திசை, காந்த வடக்கை வைத்து வரும். வட காந்த முனை நெடுங்காலம் இந்தத் தீவுகளின் பக்கம்தான் இருந்தது. இப்போது சைபீரியாவை நோக்கி நகர்ந்துவிட்டாலும், இங்கே திசைகாட்டி முள்ளை நம்ப முடியாது. அதனால் உண்மை வடக்குதான் கணக்கு. ‘ட்ரூ’ என்பதன் டி அது.

கேள்வி: அவ்வளவு வடக்கே யார் ஆசைப்பட்டுப் போனார்கள்?

பதில்: ஆசைப்பட்டுப் போகவில்லை. 1953-லும் 1955-லும் கனடா அரசு, ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் குடும்பங்களைக் கொண்டுபோய் விட்டது. பெரும்பாலோர் சுமார் 2,000 கி.மீ. தெற்கே, கியூபெக்கின் இனுக்ஜுவாக்கைச் சேர்ந்தவர்கள். திருப்பி அனுப்புவோம் என்று சொன்ன வாக்கை அரசு காப்பாற்றவில்லை. மன்னிப்புக் கேட்டது 2010-ல். கிரைஸ் ஃபியோர்டின் இனுயிட் பெயருக்கு ‘ஒருபோதும் உருகாத இடம்’ என்று பொருள்.

கேள்வி: அதே நாளில் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாமா?

பதில்: அப்படி மட்டும் டிக்கெட் போடாதீர்கள். ஒருமுறை மூடுபனியால் ரெசல்யூட்டில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் பையைக் கட்டுவது, மத்தியானம் அவிழ்ப்பது. நான்காம் நாள் கிளம்பினோம். ஒரு மணி 25 நிமிடத்தில் இறங்கிவிட்டோம்.