வேலி போட்டால் தீருமா?

கேள்வி: மணிப்பூரில் பர்மா எல்லையை வேலி போட்டு அடைப்பதை அங்கே சிலர் எதிர்க்கிறார்கள் என்று படித்தேன். ஓர் ஊர் பாதி இங்கே, பாதி அங்கே என்று கிடந்தால் குழப்பம்தானே? இறுக்கி அடைத்துவிட்டால் என்ன கெட்டுப்போகும்? அந்த ஊரில் தமிழர்களும் இருக்கிறார்களாம். அவர்கள் பேசாமல் நம் பக்கம் வந்துவிடலாமே?

– வாசகர் ஒருவர், திருமங்கலம்

பதில்: நீங்கள் சொல்லும் மோரே ஊர்க்காரர்களின் பிழைப்பு கெட்டுப்போகும். திருமங்கலத்தில் இருக்கும் உங்களுக்கும், மதுரையில் உட்கார்ந்து இதை எழுதும் எனக்கும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் ‘இறுக்கி அடைத்துவிடலாம்’ என்று நம் வாயில் அவ்வளவு சுலபமாக வருகிறது.

வைகையை ஒரு நாட்டெல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிம்மக்கல் ஒரு நாடு, கோரிப்பாளையம் இன்னொரு நாடு. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருப்பது செல்லூரில். மீனாட்சியம்மன் கோயில் இந்தக் கரையில், பெரியாஸ்பத்திரி அந்தக் கரையில். பாலத்தில் ஒரு கேட். காலையில் திறப்பார்கள், சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தால் யாரிடம் போய் அனுமதி கேட்பீர்கள்? கோடு போட்ட அன்றைக்கு உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கரையில் குடியிருந்தீர்கள், அவ்வளவுதான்.

மேற்கு வங்காளத்து எல்லைக் கிராமங்களில் இது கற்பனை கிடையாது. அதற்கு முன் இந்தியாவையே பார்த்திராத ராட்கிளிஃப் என்ற வக்கீல் 1947-இல் சில வாரங்களில் போட்ட கோடு அது. ஹிலி என்ற ஊரில் ரயில் பாதையை ஒட்டியே கோடு ஓடுகிறது. ஸ்டேஷன் அந்தப் பக்கம் போய்விட்டது. வேலி விஷயம் இன்னும் மோசம். எல்லைக் கோட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் கூடாது என்று 1975-இல் இந்தியாவும் வங்காளதேசமும் பேசி வைத்துக்கொண்டதால், வேலி பெரும்பாலும் நம் மண்ணுக்குள்ளேயே ஓடுகிறது. அப்படியானால் வேலிக்கு அப்பால் கிடப்பது யார் நிலம்? இந்திய விவசாயியின் நிலம். கேட் திறக்கும் நேரம் பார்த்து, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, மண்வெட்டியோடு தன் வயலுக்குப் போகிறார். நாற்று வாடுகிறது என்பதற்காகக் கேட் முன்கூட்டித் திறக்காது.

அதே எல்லையில் திட்டுத் திட்டாக, ஒரு நாட்டு மண் இன்னொரு நாட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஊர்கள் இருந்தன. வங்காளதேசத்துக்குள் நம்முடையவை 111, நமக்குள் அவர்களுடையவை 51. எல்லாம் சேர்த்து 50,000 பேருக்கு மேல். பள்ளிக்கூடம் கிடையாது, கரண்ட் கிடையாது, ஓட்டு கிடையாது. பிள்ளையைப் பக்கத்து இந்தியப் பள்ளியில் சேர்க்க வேண்டுமென்றால், அப்பா பெயர் என்ற இடத்தில் தெரிந்த இந்தியர் ஒருவரின் பெயரைக் கடனாக வாங்கி எழுதினார்கள். உயிரோடு இருக்கிற அப்பன் வாசலில் நிற்க, வேறொருவன் பெயரைப் பிள்ளை ஆயுளுக்கும் சுமந்தது. இதைச் சரிசெய்ய இந்திராவும் வங்காளதேசத்தின் முஜிபும் ஒப்பந்தம் போட்டது 1974 மே மாதம். கச்சத்தீவு ஒப்பந்தம் வந்த அதே வருஷம். கச்சத்தீவு கைமாறியது உடனே நடந்தது; இந்த ஏழைகளின் விஷயம் 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் முடிந்தது.

‘குழப்பம்தானே’ என்கிறீர்கள். பெல்ஜியமும் நெதர்லாந்தும் பங்கு போட்டுக்கொண்ட பார்லே என்ற ஊரில் தெருவுக்குத் தெரு நாடு மாறும். நெதர்லாந்துக்குள் பெல்ஜியத் துண்டுகள் மட்டும் 22. சில வீடுகளின் நடுவிலேயே கோடு போகிறது. வீட்டின் தலைவாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த வீடு அந்த நாட்டைச் சேர்ந்தது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். 1995-இல் அளந்து பார்த்தபோது, தன் வீடு நாடு மாறிவிடும் என்று தெரிந்து ஒரு மூதாட்டி தலைவாசலையே இடம் மாற்றி வைத்துக்கொண்டார். இரண்டு மேயர், இரண்டு போலீஸ். குடித்தனம் நடக்கிறது. இரண்டு அரசுகளும் ஊர்க்காரர்களை நம்பியதால் நடக்கிறது.

அந்த நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா – அமெரிக்க எல்லையில் ஒரு நூலகம் இருக்கிறது. 1904-இல் வேண்டுமென்றே கோட்டின் மேல் கட்டியது, இரண்டு ஊருக்கும் பொதுவாக. படிப்பறைத் தரையில் கறுப்புக் கோடு. வாசல் அமெரிக்கப் பக்கம்; கனடாக்காரர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் நடைபாதை வழியாக வந்து புத்தகம் எடுத்துப் போவார்கள். நூறு வருஷத்துக்கு மேல் நடந்த அந்த ஏற்பாட்டை 2025-இல் அமெரிக்க அரசு கட்டுப்படுத்தியது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போனால் மதகடிப்பட்டு, திருபுவனை புதுச்சேரி. அடுத்து கண்டமங்கலம் தமிழ்நாடு. அப்புறம் அரியூர் மறுபடி புதுச்சேரி. 1954 நவம்பர் 1 வரைக்கும் அந்த மாற்றம் ஒவ்வொன்றும் இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் நடுவிலான எல்லை. அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி ஒரு நாட்டிலும் வயல் வைத்திருந்தார்கள். நம் சேதுபதி பள்ளியில் 1904-இல் தமிழ் சொல்லிக்கொடுத்த பாரதி, 1908-இல் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் தப்பினார். 1918-இல் திரும்பத் தாண்டியபோது கடலூர்ப் பக்கம் கைதானார். நாட்டெல்லை என்பது எங்கோ வடக்கே இருக்கிற சமாச்சாரம் என்று தமிழர்கள் சொல்ல முடியாது.

சரி, மோரேக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது அந்த ஊரைப் பற்றித்தான். இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். கேட்டைத் தாண்டினால் நாம்பலாங் சந்தை, கொஞ்சம் போனால் தமு என்ற பர்மிய ஊர். 1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பக்கமிருந்து போய்த் தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் வெறுங்கையோடு கப்பலேறி வந்தன. இங்கே ஒட்ட முடியாத சிலர், பிறந்த மண்ணுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாக நடந்தார்கள். பர்மா ராணுவம் உள்ளே விடவில்லை. அப்படி எல்லையிலேயே தங்கிப்போனவர்கள் கடை போட்டார்கள், சங்கம் வைத்தார்கள், அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் கட்டினார்கள். பர்மிய மொழி தெரிந்த வியாபாரி என்பதுதான் அவர்கள் கையிலிருந்த முதல். 1995-இல் முறையான எல்லை வர்த்தகம் தொடங்கியபோது பாக்கும் பயறும் வந்தன. காலையில் அந்தப் பக்கத்துப் பெண்கள் சரக்கோடு வந்து, கேட் மூடுவதற்குள் விற்றுவிட்டுத் திரும்புவார்கள். ஒரு கடையில் இட்லி, பக்கத்துக் கடையில் பர்மா நூடுல்ஸ்.

அந்த ஊருக்கு அடிமேல் அடி. 2020-இல் கொரோனாவுக்காகக் கேட்டை மூடினார்கள். 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. மெய்தி, குக்கி இனத்தாருக்கு நடுவில் 2023 மே மாதம் மூண்ட கலவரத்தில் ஊர் எரிந்தது. சண்டை தங்களுடையது இல்லை என்றாலும் தமிழர் வீடுகளும் தீக்கிரையாயின. 2024 பிப்ரவரியில், எல்லைவாசிகள் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வந்த ஏற்பாட்டை எடுத்துவிடுவதாகவும், 1,643 கிலோமீட்டருக்கும் வேலி வரும் என்றும் மத்திய அரசு சொன்னது. அப்புறம் அது, எல்லைச் சீட்டு வாங்கிக்கொண்டு 10 கிலோமீட்டர் வரை போகலாம் என்று மாறியது. நாகாலாந்தில் லோங்வா என்ற ஊரில் தலைவரின் வீட்டுக்குள்ளேயே எல்லை போகிறது. அங்கே வேலியை எங்கே நடுவார்கள்?

கடத்தல் நடக்கவில்லையா, ஆயுதம் வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வருகிறது. போதைப்பொருளும் வருகிறது. மணிப்பூரிலேயே இம்பால் சமவெளியில் வேலியை வரவேற்பவர்கள் நிறைய. அவர்கள் பயம் நியாயமான பயம். ஆனால் பத்து மூட்டைப் பாக்கு வைத்திருக்கிற கடைக்காரரும், கூடையோடு வருகிற அந்தப் பெண்ணும் கடத்தல்காரர்கள் இல்லை. வேலியில் எத்தனை கேட், எத்தனை மணி வரை, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவனுக்கு என்ன வழி என்பதை முதலில் அந்த ஊரோடு உட்கார்ந்து பேசிவிட்டு அப்புறம் கம்பியைக் கொண்டு வரட்டும் என்கிறேன்.

கடைசியாக, ‘நம் பக்கம் வந்துவிடலாமே’ என்றீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உச்சபட்டி முகாம் இருக்கிறது. கடல் எல்லையைத் தாண்டி வந்த இலங்கைத் தமிழர்கள். 2021-இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினோம். இந்த மாதிரி முகாம்களில் பிறந்து, வளர்ந்து, காலேஜ் முடித்த பிள்ளைகள் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. அதிகாரிகள் வந்து ஆள் கணக்கெடுக்கிற ‘செக்கிங்’ நாள் என்றால் கூலி வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். வந்தவர்களை நாம் வைத்திருக்கும் லட்சணம் இது.

மோரே தமிழர்கள் இந்தியக் குடிமக்கள். 60 வருஷமாக அதுதான் அவர்கள் ஊர். இரண்டு தலைமுறை அங்கேயே பிறந்திருக்கிறது. எரிந்த வீட்டுக்கு இழப்பீடும், முறையாகத் திறந்து மூடுகிற ஒரு கேட்டும் அவர்களுக்கு வேண்டும். உங்கள் விருதுநகர் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதி, இதைப் பாராளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். நானும் மதுரை எம்.பி.க்கு எழுதுகிறேன்.