உணவு விளம்பரத்தில் நற்கருணையைக் காட்டினால் கத்தோலிக்கர் மனம் புண்படுவது ஏன்?

நற்கருணை என்பது, திருப்பலி என்னும் கத்தோலிக்க வழிபாட்டில் குருவானவர் அர்ச்சித்து வழங்கும் புளிப்பற்ற கோதுமை அப்பம். அது வெறும் அடையாளமன்று, இயேசுவின் உடலாகவே மாறுகிறது என்பது கத்தோலிக்க விசுவாசம். 1215ஆம் ஆண்டில் திருச்சபையின் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கமும் இதை அறிக்கையிட்டது. அதை உட்கொள்வதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே, தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் உண்ணாமல் ராயபுரம் ஆலயத்தில் முழந்தாளிடும் ஒரு மூதாட்டி, அதே அப்பத்தின் இடத்தில் மொறுமொறு வறுவலைக் குருவானவர் நீட்டும் விளம்பரத்தைப் பார்த்தால் கலங்கத்தான் செய்வார். மாலையிட்டு வைத்திருக்கும் நம் தாயின் படத்தை யாரோ கேளாமல் எடுத்து ஊறுகாய்ப் புட்டியில் ஒட்டி விற்பதைப் போன்றது இது. ஊறுகாயில் குறையில்லை, ஆயினும் நெஞ்சு வலிக்கும். எனக்கு அந்த வலி நியாயமாகவே படுகிறது.

உணவோடு பக்தியைச் சேர்ப்பதையே கத்தோலிக்கர் வெறுக்கிறார்கள் என்று சிலர் நினைப்பது தவறு: புனித அந்தோணியார் பெயரால் மந்திரித்த ரொட்டியை, மதம் பாராமல் அண்டை வீட்டாருக்கும் பகிர்ந்து கொடுப்பவர்கள் இவர்களே.