கேளுங்க அண்ணாச்சி: உப்புல பொறந்த ஹாலே

கேள்வி: அண்ணாச்சி, எங்க மவனுக்கு ஜெர்மனியில மேல்படிப்பு கெடச்சிருக்கு. ஊரு பேரு ஹாலேன்னு சொல்லுதான். எங்க வீட்டுக்காரரு "அல்வா கிண்டுத ஊரா"ன்னு கேலி பண்ணுதாவ. பெர்லின், மியூனிக்னு கேள்விப்பட்டிருக்கோம், இது என்ன ஊரு?
(பேட்டை வாசகி)

தாயி, வீட்டுக்காரர கேலி பண்ணாம இருக்கச் சொல்லுங்க. நம்ம ஊரு அல்வாவுக்கு எப்படியோ அந்த ஊரு உப்புக்கு அப்படி. ஸாலேன்னு ஒரு ஆத்தங்கரையில இருக்கு. கி.பி. 806லயே ஏட்டுல பேரு வந்துட்டு, சார்லமேன் பேரரசரோட மவன் அங்க ஒரு கோட்டை கட்டுனாருன்னு குறிப்பு. 961ல ஓட்டோ ராஜா அந்தப் பக்கத்து உப்புத்தண்ணி ஊற்றுகள மாக்டபர்க் மடத்துக்கு எழுதி வச்சிட்டாரு, பொறவு மாக்டபர்க் பேராயர் கைக்கு ஊரே போச்சு. நம்ம ஊருல ராஜாமாரு கோயிலுக்கு நெலத்த எழுதி வச்சாங்கல்லா, அதே கணக்குதான், இங்க நெல்லு அங்க உப்பு.

உப்பு வித்த துட்டுல ஊரு கொழுத்துச்சு. வட ஜெர்மனி வியாபார ஊர்கள்லாம் சேந்து ஹான்சான்னு ஒரு கூட்டணி வச்சிருந்தாங்க, அதுலயும் ஹாலே இருந்துச்சு. பேராயருக்கு அடங்காம தன் இஷ்டத்துக்கு இருந்த ஊரு, அப்புறம் உள்ளுக்குள்ளயே சண்டை. உப்புக் கெணத்துல பங்கு வச்சிருந்த பெரிய வீட்டுக்காரங்க ஒரு பக்கம், கைத்தொழில்காரங்க ஒரு பக்கம், 1478ல கைத்தொழில்காரங்க கோவத்துல கோட்டைக் கதவத் தொறந்து பேராயர் படைய உள்ள விட்டுட்டாங்க. வந்தவன் சும்மா போவானா? ஊர அடக்கி வைக்கணும்னே 1484ல மோரிட்ஸ்பர்க்னு ஒரு கோட்டைய ஊரு ஓரத்துலயே கட்ட ஆரம்பிச்சான். ஹான்சாவும் போச்சு சுதந்திரமும் போச்சு. இப்ப அந்தக் கோட்டைக்குள்ள ஓவியக் கண்காட்சி நடக்கு, மவன் போனா பாக்கலாம்.

கேள்வி: ஹாலே பக்கத்துல கடலே இல்லன்னு மேப்புல பாத்தேன். கடல் இல்லாம உப்பு எங்கேந்து வரும்? நான் உப்பளத்துல முப்பது வருசம் வேலை பாத்தவன், சும்மா சொல்லி ஏமாத்தாதீங்க.
(முத்தையாபுரம் வாசகர், தூத்துக்குடி)

அண்ணாச்சி, உங்களயா ஏமாத்த முடியும். கடல் இல்லதான், ஆனா கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்ன அங்க ஒரு கடல் கெடந்து வத்திப் போயி உப்பு தட்டுத்தட்டா மண்ணுக்கு அடியில படிஞ்சு கெடக்கு. ஹாலே சந்தைத் திடலுக்கு அடியிலயே பூமி பிளந்து ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி இருக்கு. அந்தப் பிளவு வழியா அடித்தண்ணி உப்பக் கரைச்சிக்கிட்டு மேல வந்துச்சு. பள்ளத்துல நாலு கெணறு, அத 'தால்'னு சொல்லுவாங்க, அப்படின்னா பள்ளத்தாக்கு.

நமக்கு வெயில் இருக்கு, பாத்தி கட்டி விட்டா சூரியன் பாத்துக்கிடுவாரு, நீங்க வாரிப் போட்டா போதும் (போதும்னு சொல்லுதது எனக்கு ஈஸி, கால் வெடிச்சது உங்களுக்குல்லா). அங்க வெயிலுக்கு எங்க போக? அதனால கெணத்துத் தண்ணிய மரத்தொட்டியில சொமந்துட்டுப் போயி குடிசைக்குள்ள பெரிய இரும்புத் தட்டுல ஊத்தி வெறகு வச்சுக் காச்சுனாங்க. கொதிக்கும்போது மாட்டு ரத்தம் கொஞ்சம் ஊத்துவாங்க. மூஞ்சியச் சுளிக்காதீங்க, சீனிப்பாகுல நாம பாலு ஊத்தி அழுக்க நுரையோட அள்ளி எறியுதோம்லா, அதே வேலையத்தான் ரத்தம் செஞ்சுது. தெளிஞ்ச பொறவு உப்பு படியும், அள்ளிக் கூடையில போட்டு வடிய விடுவாங்க. புகைக்குள்ள, சூட்டுக்குள்ள, வருசம் பூரா இதே வேலை. காட்டு மரமெல்லாம் அடுப்புக்குப் போனதுல பின்னாடி கரிக்கு மாறுனாங்க.

இந்த வேலைக்காரங்களுக்கு ஹாலோரன்னு பேரு. 1491லேந்து அவங்களுக்கு ஒரு சங்கம் இருக்கு, இன்னைக்கும் இருக்கு. சட்டையில உருண்டையா 18 வெள்ளிப் பொத்தான் வச்சிருப்பாங்க. புது வருசத்துக்கு பெர்லின் போயி ராஜாவுக்கு உப்பு, முட்டை, சாசேஜ் குடுத்துட்டு வருவாங்க, ஊருல சாவு விழுந்தா பெட்டி தூக்குறதும் இவங்கதான். காலங்காலமா உப்பு காச்சுன ஊருல வியாபாரத்துக்குக் காச்சுறது 1964ல நின்னு போச்சு. இப்ப மியூசியத்துல காச்சிக் காட்டுறாங்க.

கேள்வி: பாளையங்கோட்டை கிளாரிந்தா ஆலயத்துக்கும் இந்த ஹாலே ஊருக்கும் சம்பந்தம் உண்டுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. உண்மையா?
(சமாதானபுரம் வாசகர்)

உண்மைதான் தம்பி, இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்.

1692ல ஹாலேக்கு வெளிய கிளவுகாங்கிற ஏழைப் பேட்டைக்கு ஃப்ராங்கேன்னு ஒரு பாதிரியார் வாராரு. பேட்டை பூரா சாராயக்கடை, பிள்ளைங்க தெருவுல அலையுது. 1695ல அவரு வீட்டுல வச்ச உண்டியல்ல யாரோ 4 தாலர் 16 குரோஷன் (அந்தக் காலத்து ஜெர்மன் காசு) போட்டுட்டுப் போனாங்க, அதுதான் மொதல். அதுக்குப் புத்தகம் வாங்கி ஒரு பள்ளிக்கூடம், பொறவு அனாத இல்லம், மருந்துக்கடை, அச்சுக்கூடம், புத்தகக்கடைன்னு வளந்து, 1727ல அவரு சாகும்போது ரெண்டாயிரம் பிள்ளைங்களுக்கு மேல படிச்சிக்கிட்டிருந்தாங்க. மருந்து வித்த லாபத்துலயும் பள்ளிக்கூடம் நடந்துச்சு, நல்ல யாவாரி.

அங்க படிச்சவருதான் சீகன்பால்கு, 1706ல கிறிஸ்தவ ஊழியத்துக்குத் தரங்கம்பாடிக்கு வந்து எறங்குனாரே அவரு. தமிழ் எழுத்துக்கு ஈய அச்சு ஹாலேயில வார்த்து 1713ல கப்பல்ல வந்து சேந்துச்சு. வந்து பாத்தா எழுத்து எல்லாம் பெருசு பெருசா இருக்கு, பேப்பர் தாங்காது. தமிழ் எழுத்தக் கண்ணால அதிகம் பாக்காதவன் வார்த்தா அப்படித்தான். அப்புறம் தரங்கம்பாடியிலயே சின்னதா வார்த்து 1715ல புதிய ஏற்பாட்ட முடிச்சாங்க. (தமிழ்ல மொதல் அச்சு இதுதான்னு யாராவது சொன்னா விட்டுறாதீங்க. 1578லயே கொல்லத்துல தமிழ் புத்தகம் அச்சாயிட்டு, அதப் போட்ட ஹென்றிக் அடிகளார் நம்ம புன்னக்காயல்ல இருந்தவரு.)

ஆனா ஒரு விசயத்துல எனக்கு ஃப்ராங்கே மேல கோவம். சீகன்பால்கு நம்ம சாமிமாரு பத்தி, ஐயனாரு அம்மன்லேந்து எல்லாத்தையும் விசாரிச்சு 1713ல ஒரு பெரிய புத்தகம் எழுதி ஹாலேக்கு அனுப்புனாரு. உங்கள அனுப்புனது அங்க உள்ளத ஒழிக்க, இங்க கொண்டாந்து பரப்ப இல்லன்னு சொல்லி அத மூலையில போட்டுட்டாங்க. 1867ல தான் சென்னையில அச்சாச்சு. நூத்தம்பது வருசம்!

சரி, கிளாரிந்தா. ஷ்வார்ட்ஸ்ங்கிறவரு ஹாலேயில படிக்கும்போதே தமிழும் படிச்சுட்டு 1750ல இங்க வந்தாரு, சொல்லிக்குடுத்தவரு இங்கேந்து திரும்பிப் போன ஷுல்ட்சே பாதிரியார். அவரு 1778ல பாளையங்கோட்டைக்கு வந்தப்ப ஞானஸ்நானம் குடுத்த தஞ்சாவூரு பிராமண விதவைதான் கிளாரிந்தா. அந்த அம்மா முயற்சியில கட்டுன கோயில 1785ல அவரே வந்து பிரதிஷ்டை பண்ணாரு. பாப்பாத்தியம்மா கோயில்னு நம்ம பெருசுங்க சொல்லுமே அதான். உங்க தாத்தா சொன்னது சரி.

கேள்வி: லூதர் அந்த ஊருக்கு வந்திருக்காரா?
(நாசரேத் வாசகர்)

கத்தோலிக்க சபைய எதுத்துச் சீர்திருத்தம் ஆரம்பிச்ச லூதரத்தான கேக்கீங்க? பிரசங்கம் பண்ணவும் வந்திருக்காரு, பொணமாவும் வந்தாரு. 1546ல ஐஸ்லேபன்ல எறந்தவர விட்டன்பர்க்குக் கொண்டு போற வழியில ஹாலே சந்தைக் கோயில்ல வச்சாங்க. அவரு செத்த முகத்த மெழுகுல எடுத்த அச்சு இன்னும் அங்க இருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா, பாவமன்னிப்புச் சீட்ட வித்து கடன அடச்சாருன்னு லூதரு யார எதுத்து ஆரம்பிச்சாரோ அந்த கார்டினல் ஆல்பிரெக்ட்டுக்குப் புடிச்ச ஊரே ஹாலேதான், அந்தக் கோயிலக் கட்ட வச்சதும் அவருதான். 1541ல ஊரு சீர்திருத்தம் பக்கம் சாஞ்சதும் மூட்டையக் கட்டிட்டாரு. 1685ல இந்த ஊருல பொறந்த ஹாண்டல்ங்கிற பெரிய சங்கீதக்காரரு ஞானஸ்நானம் எடுத்ததும் அதே கோயில்லதான்.

கேள்வி: யுனிவர்சிட்டி நல்லதா? பொம்பளப் பிள்ளைங்களையும் அனுப்பலாமா?
(தென்காசி வாசகி)

1694ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி. 1754லயே டொரோத்தியா எர்க்ஸ்லேபன்னு ஒரு அம்மா அங்க டாக்டர் பட்டம் வாங்கிட்டாங்க, ஜெர்மனியிலயே மொத பொம்பள டாக்டர். ஆப்பிரிக்காவிலேந்து போன ஆமோன்னு ஒருத்தரு 1727ல அங்க சேந்து படிச்சிருக்காரு. ஆனா 1723ல வோல்ஃப்னு ஒரு தத்துவ வாத்தியார, 48 மணி நேரத்துல ஊர விட்டு ஓடலன்னா தூக்குன்னு ராஜா வெரட்டுனாரு, அதுக்குத் தூண்டிவிட்டதுல ஃப்ராங்கே ஆளுங்களுக்கும் பங்கு உண்டு. அடுத்த ராஜா வந்ததும் 1740ல மரியாதையாத் திரும்பிட்டாரு. தைரியமா அனுப்புங்க தாயி.

கேள்வி: ஹிட்லர் சண்டையில ஊரு அழிஞ்சிருக்குமே?
(அம்பாசமுத்திரம் வாசகர்)

மத்த ஊரு மாதிரி இல்ல, குண்டு விழுந்துச்சு, ஆனா பெரும்பாலும் தப்பிச்சுது. 1945 ஏப்ரல்ல அமெரிக்கப் படை வந்தப்ப லுக்னர்னு ஒரு பழைய கடற்படை வீரர் போயிப் பேசி ஊரக் காப்பாத்துனாரு. ஆனா ஜூலையில ரஷ்யாக்காரன் கைக்கு மாறி கிழக்கு ஜெர்மனி ஆயிட்டு. 1964லேந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் கெமிக்கல் ஆலைத் தொழிலாளிகளுக்குன்னு ஹாலே-நியூஸ்டாட்னு அடுக்குமாடியா கட்டுனாங்க. பழைய ஊரப் பாக்க ஆளில்லாம விட்டுட்டாங்க, ஃப்ராங்கே கட்டுன வீட்டு வாசல ஒட்டியே பெரிய மேம்பாலத்தப் போட்டாங்க. 1990க்கு அப்புறந்தான் ஒவ்வொண்ணா சரி பண்ணாங்க, இங்கேந்து போன நம்ம தமிழ் ஓலைச்சுவடிகளும் ஃப்ராங்கே கட்டுன அந்த எடத்துல பத்திரமா இருக்கு.

ஹாலேயில உள்ள பழம்பொருள் மியூசியத்துல 3600 வருசத்துக்கு முந்தின வானத் தட்டு ஒண்ணு வச்சிருக்காங்க, வெண்கலத்துல தங்க நட்சத்திரம் ஒட்டி. அந்தச் சீமையில எடுத்தது அந்தச் சீமையிலயே இருக்கு. நம்ம ஆதிச்சநல்லூர் சாமான 1876லயே பெர்லினுக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க, அதச் சொன்னா வயித்தெரிச்சல்.

கேள்வி: மவன் வரும்போது என்ன வாங்கிட்டு வரச் சொல்லட்டும்?
(மறுபடியும் பேட்டை வாசகிதான்)

ஹாலோரன் குகெல்னு உருண்டை சாக்லேட். 1804லேந்து நடக்கிற, ஜெர்மனியிலயே பழைய சாக்லேட் கம்பெனி அது. உருண்டை, உப்புக்காரங்க சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். போகும்போது இங்கேந்து அல்வா குடுத்து விடுங்க, நெய் கசியாம ரெண்டு கவர் போட்டுக் கட்டணும், போன தடவ என் மருமவன் பெட்டியில ஆனது எனக்குத்தான் தெரியும்.