முறுக்குவதற்கு முன் துடையுங்கள்

வாகனம் பற்றிய கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் எழுதி வருகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கத் தனியாக வாங்கிப் பொருத்திய ஆயில் கூலர் ஒழுகுகிறது. மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஏ.என். 10 அளவு ஃபிட்டிங்குகளோடு (37 டிகிரி கூம்பு முனை கொண்ட குழாய் இணைப்புகள்) ஆயில் கூலர் பொருத்தினேன். கூலர் பக்க இணைப்பில் கசிவு. இறுக்கினேன், டெஃப்லான் டேப் சுற்றினேன், மறுபடி இறுக்கினேன். இப்போது முன்பைவிட அதிகமாக ஒழுகுகிறது. இன்னும் எவ்வளவு இறுக்க வேண்டும் ஐயா?

பதில்: இனி ஒரு இழைகூட இறுக்காதீர்கள். ஸ்பானரைக் கீழே வையுங்கள்.

கார் வேலைக்கு வருவதற்கு முன் நான் மண் அள்ளும் இயந்திரங்களின் ஹைட்ராலிக் குழாய்களோடு மல்லுக்கட்டியவன். அங்கே 200 பார் அழுத்தத்தை ஒரு சொட்டு சிந்தாமல் தாங்கி நிற்கும் இணைப்புகளிலும் இதே 37 டிகிரி கூம்புதான் இருக்கும். உங்கள் எஞ்சின் ஆயிலின் அழுத்தம் ஓட்டத்தில் நான்கைந்து பார்; குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது, ஆயில் கெட்டியாக இருப்பதால், இன்னும் கொஞ்சம் ஏறும். அவ்வளவுதான். 200 பார் ஒழுகாத இடத்தில் ஐந்து பார் ஒழுகுகிறது என்றால், குறை உங்கள் கைபலத்தில் இருக்க வாய்ப்பில்லை.

இந்த வகை ஃபிட்டிங்கில் கசிவைத் தடுப்பது மரை அல்ல. ஆண் பக்கக் கூம்பும் பெண் பக்கக் குழிவும் உலோகத்தோடு உலோகமாக ஒட்டி அமர்கின்றனவே, அந்த மெல்லிய வளையம்தான் தடுக்கிறது. மரையின் வேலை இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது மட்டும். மரையில் டேப் சுற்றுவது, கதவு திறந்து கிடக்கும்போது சன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுவது போல. போதாக்குறைக்கு, அந்த டேப்பின் நார்கள் பிய்ந்து ஆயிலோடு பயணம் போகும். ஒரு முறை ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். மடிப்புகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக நூல். ஃபில்டரில் சிக்கியது அந்த எஞ்சினின் அதிர்ஷ்டம்.

இணைப்பைக் கழற்றுங்கள். கூம்பைச் சுத்தமான துணியால் துடைத்து, விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்ல கூம்பில் ஒரு முழு வளையத் தடம், சீரான அகலத்தில், மங்கலாகத் தெரியும். தடம் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால் கோணலாக அமர்ந்திருக்கிறது. குறுக்கே ஒரு கீறல் இருந்தால் கட்டைவிரல் நகத்தை அதன் மேல் மெதுவாக இழுங்கள். நகம் தட்டினால் ஆயிலும் அந்த வழியே போகும். அலுமினியக் கூம்பை இறுக்க இறுக்க அது நசுங்கும், நசுங்கியது மறுபடி அமராது. நீங்கள் திரும்பத் திரும்ப இறுக்கியதில் ஃபிட்டிங் பாழாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். புதியது மாற்றுங்கள். கூலரின் கூம்பே கீறியிருந்தால், அதற்கென்றே மெல்லிய செப்புக் கூம்பு வாஷர்கள் விற்கிறார்கள், தற்காலிகத்துக்கு உதவும்.

மாற்றும்போது இன்னொன்றையும் சரிபாருங்கள். 10 என்பது ஓர் அங்குலத்தில் பதினாறில் பத்துப் பங்கு, அதாவது குழாயின் வெளிவிட்டம் 5/8 அங்குலம். மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று. இதே மரையில் 45 டிகிரி கூம்பு உள்ள ஃபிட்டிங்கும் கடையில் கிடைக்கும். அழகாகத் திருகி ஏறும், இறுக்கமாகவும் நிற்கும். ஆனால் இரண்டு கூம்புகளும் ஒரு கோட்டில் மட்டுமே தொடுவதால் எத்தனை இறுக்கினாலும் ஒழுகும்.

பொருத்தும் முறை: மரைக்கும் கூம்புக்கும் ஒரு சொட்டு ஆயில். கையால் இறுகும்வரை சுற்றுங்கள். பிறகு இரண்டு ஸ்பானர்கள்: ஒன்று கூலர் பக்கத்து அறுகோணத்தை அசையாமல் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. இந்த அளவு ஃபிட்டிங்குக்கு நட்டின் ஆறு முகங்களில் ஒரு முகம் நகர்ந்தால் பெரும்பாலும் போதும். தயாரிப்பாளர் டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவு கொடுத்திருந்தால் அதுவே சட்டம். ஒற்றை ஸ்பானரோடு இறுக்கியவர்கள் கூலரின் வெல்டிங்கைத் திருகி விரிசல் விட வைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கூலரின் துளை அரை அங்குலம். அரை அங்குல அடாப்டர்தான் வாங்கினேன். நன்றாகவே ஏறியது. ஆனாலும் கசிகிறது. ஏன்?

பதில்: இரண்டு வெவ்வேறு "அரை அங்குலம்" சந்தித்துக்கொண்டதால். பிரிட்டிஷ் பி.எஸ்.பி. மரை, அமெரிக்க என்.பி.டி. மரை இரண்டுக்கும் அரை அங்குல அளவில் அங்குலத்துக்கு 14 சுற்றுதான். அதனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடும். ஆனால் ஒன்றின் மரைக் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. என்.பி.டி. சரிவான மரை, மரையே அடைக்கும், அதற்கு சீலண்ட் என்ற அடைப்புப் பசை உண்டு. கூலர்களில் வருகிற பி.எஸ்.பி. பெரும்பாலும் நேர் மரை. அங்கே அடைப்பது அடியில் இருக்கும் வாஷர். உலோக வளையத்தின் உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய வாஷர் அது. தடிப்பான வெறும் செப்பு வாஷரைவிட நம்பகமானது. சரிவான மரையை நேர் துளைக்குள் முடுக்கினால் ஆப்பு வைத்தது போல அலுமினியம் பிளக்கும். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்த இணைப்பாக இருந்தால் டேப்பும் வேண்டாம், சீலண்டும் வேண்டாம். ஓ-ரிங்குக்கு ஆயில் தடவினால் போதும்.

வாங்கும் முன் கூலரின் குறிப்பேட்டில் மரையின் பெயரைப் படியுங்கள். கண்ணளவு இங்கே செல்லாது.

கேள்வி: தள்ளிச் செருகும் வகை ரப்பர் ஹோஸ் போட்டிருக்கிறேன். பாதுகாப்புக்காக மேலே ஒரு கிளிப்பும் போட்டேன். சரிதானே?

பதில்: கிளிப்பை எடுத்துவிடுங்கள். அந்த ஃபிட்டிங்கின் முள்வரிகள் கூர்மையானவை, ஹோஸ் அதற்கென்றே நெய்யப்பட்டது. இழுக்க இழுக்க ஹோஸே இறுகிப் பிடிக்கும். கிளிப்பை முறுக்கினால் முள்வரி ஹோஸின் உட்சுவரை அறுக்கும். ஹோஸ் அந்த ஃபிட்டிங்குக்கு உரியதுதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஹீட்டருக்கான தண்ணீர் ஹோஸ் மிச்சம் இருக்கிறதே என்று ஆயிலுக்குப் போட்டவர் ஒருவர் உண்டு. தண்ணீருக்கான அந்த ரப்பர் ஆயில் பட்டால் ஊறி உப்பும். அவருடையது சில வாரங்களில் பஞ்சுபோல ஆகிவிட்டது.

கேள்வி: எஃகு வலை ஹோஸை நானே வெட்டிப் பொருத்தினேன். ஃபிட்டிங்கின் கழுத்தில் ஈரம். எங்கே தவறினேன்?

பதில்: பெரும்பாலும் வெட்டில். வெட்டும் இடத்தில் ஒட்டும் டேப்பை இறுகச் சுற்றி, நுண்பல் ஹாக்ஸா பிளேடால் டேப்பின் மேலேயே நேராக வெட்டுங்கள், வலை பிரியாது. உள்ளே விழுந்த ரப்பர் துகளையும் எஃகுப் பொடியையும் கழுவி ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை நேராக பேரிங்குக்குப் போகும். ஹோஸை ஃபிட்டிங்கின் வெளிப்பாகமான சாக்கெட்டுக்குள் மரை தொடங்கும் இடம்வரை தள்ளி, சாக்கெட்டின் விளிம்பை ஒட்டி ஹோஸ் மேல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிறகு ஆயில் தடவிய உள்பாகத்தைத் திருகுங்கள். திருகும்போது ஹோஸ் பின்னால் நழுவப் பார்க்கும். கோடு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். சலிப்பான வேலைதான், நானும் திட்டிக்கொண்டேதான் செய்வேன். டெஃப்லான் உட்குழாய் உள்ள ஹோஸ் என்றால் உள்ளே ஆலிவ் என்ற சிறு வளையம் வைக்கும் தனி ஃபிட்டிங் வேண்டும். ரப்பர் ஹோஸுக்கானது அதற்கு உதவாது.

அந்த எஃகு வலை ஓர் அரம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். உராயும் இடத்தில் வண்டியின் தகட்டையே அறுத்துவிடும். பக்கத்து வயரின் கதி சொல்லவே வேண்டாம். துளைகளில் ரப்பர் வளையம் போடுங்கள். எஞ்சின் அதன் ரப்பர் தாங்கிகளில் ஆடும், கூலரோ உடலோடு நிற்கும்; ஆகவே ஹோஸில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். சைலன்சர் குழாய்க்கு அருகில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். சூடான இரும்பில் ஆயில் பீச்சினால் அது கசிவாக நிற்காது, தீயாகும்.

கேள்வி: ஃபில்டருக்கு அடியில் வைத்து ஆயிலைக் கூலருக்குத் திருப்பும் சாண்ட்விச் பிளேட்டிலிருந்து சொட்டுகிறதா, ஹோஸிலிருந்தா என்று தெரியவில்லை. எல்லாம் ஈரமாக இருக்கிறது.

பதில்: ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னாலும் கீழேயும் அடித்துச் செல்லும். ஈரத்திலேயே மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் புள்ளியைத் தேடுங்கள். எல்லாவற்றையும் பிரேக் கிளீனரால் கழுவி, உலர்ந்ததும் முகப்பவுடரைத் தூவுங்கள். எஞ்சினை நின்ற நிலையில் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் முதல் பழுப்புப் புள்ளி எங்கே விழுகிறதோ, அதுதான் ஊற்று.

சாண்ட்விச் பிளேட் என்றால் எனக்கே வெட்கமான கதை ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் பழைய ஃபில்டரைக் கழற்றினேன். அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. கறுப்பில் கறுப்பு. அதன் மேலேயே பிளேட்டை அதன் ஓ-ரிங்கோடு இறுக்கினேன். நின்ற நிலையில் ஒரு சொட்டு இல்லை. உரிமையாளர் வண்டியைத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இரட்டை வளையம் பிதுங்கி, எஞ்சினில் இருந்த ஆயிலெல்லாம் சில நொடிகளில் தரையில். ஆயில் விளக்கு எரிந்ததும் அவர் உடனே நிறுத்தினார், எஞ்சின் பிழைத்தது. தரையைக் கழுவ எனக்கு அரை நாள் ஆனது. அன்றிலிருந்து எஞ்சின் முகத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டுத்தான் பிளேட்டை வைக்கிறேன். எஞ்சின் ஒரு முறை சூடாகி ஆறியதும் நடு போல்ட்டைச் சரிபார்ப்பேன்; நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி.

கேள்வி: கசிவை நிறுத்தும் திரவத்தை ஆயிலோடு ஊற்றலாமா?

பதில்: அது ரப்பர் சீலை ஊறவைத்துப் பெருக்கும் சரக்கு. கூம்பு உலோகம். அந்தக் காசை மிச்சம் பிடித்து ஃபிட்டிங் வாங்குங்கள்.