மாமன் மகனுக்குக் கொடுக்க ‘உறவில்லை’ என்று எழுத வேண்டுமா?

கேள்வி: என் மகளை என் அண்ணன் மகனுக்கே கொடுக்கிறோம். தை மாதம் கல்யாணம். நாங்கள் இந்துக்கள். பையனுக்கு வெளிநாட்டில் வேலை, அதனால் பதிவுச் சான்றிதழ் வேண்டும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு தரகர், “சொந்தத்தில் கட்டினால் செல்லாது. ஸ்பெஷல் மேரேஜ் ஆக்டில் போட்டு, உறவில்லை என்று எழுதிவிடலாம். தனியாகச் செலவாகும்” என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, தரகருக்கென்று எடுத்து வைத்த பணத்தை முதலில் பீரோவில் திரும்ப வையுங்கள். கல்யாணம் செல்லும். அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. முழுப் பொய் என்றால் நீங்களே சிரித்துவிட்டு வந்திருப்பீர்கள்.

பாதி உண்மை இதுதான். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தடை செய்த உறவுகளில் அண்ணன் தங்கை பிள்ளைகளும் வருகிறார்கள். தாய்மாமனும் அக்காள் மகளும்கூட. ஆனால் இரண்டு பேருடைய வழக்கமும் இடம் கொடுத்தால் தடை கிடையாது என்று அதே விதியே சொல்கிறது. முறை மாப்பிள்ளை, முறைப்பெண் என்று கட்டி வந்த நம் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் அந்த ஒரு வரியில்தான் நிற்கின்றன. சித்தப்பா மகன், பெரியம்மா மகன் என்றால் பேச்சே வேறு. அது அண்ணன் தம்பி முறை, அங்கே காட்ட வழக்கமும் கிடையாது.

தரகர் உங்களை எங்கே கூட்டிப் போகிறார் என்று பாருங்கள். ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் என்பது எந்த மதத்தவரும் சடங்கு இல்லாமல் அதிகாரி முன்னால் கல்யாணம் செய்துகொள்ள வழி விடும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் அட்டவணையில் ஆணுக்கு 37, பெண்ணுக்கு 37 என்று கட்டக்கூடாத உறவுகளை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பெண்ணின் பட்டியலில் தாய்மாமன் மகன் இருக்கிறார். 1963-இல் திருத்தம் போட்டு இதிலும் வழக்கத்துக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆனால் அது ஊரறிந்த வழக்கமாக இருந்தால் போதாது, மாநில அரசு அரசிதழில் அறிவித்த வழக்கமாக இருக்க வேண்டும். உங்கள் பாட்டி, உங்கள் அம்மா எல்லாரும் மாமன் வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாலும், அரசிதழில் இல்லாவிட்டால் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது வழக்கமே இல்லை. சரி, அதோடாவது முடிகிறதா? இந்த விலக்கும் அந்தச் சட்டப்படியே புதிதாக நடக்கும் திருமணத்துக்குத்தான். மண்டபத்தில் தாலி கட்டிவிட்டு அப்புறம் இதில் பதிய வருகிறவர்களுக்கு அதுவும் கிடையாது. அவர்களில் சட்டம் அமலுக்கு வருமுன்பே கல்யாணம் முடித்தவர்களுக்கு மட்டும்தான் வழக்கம் கைகொடுக்கும். அவர்கள் இன்று கொள்ளுப் பேரன் எடுத்திருப்பார்கள்! ஒரு வருட இடைவெளியில் வந்த இரண்டு சட்டங்கள். ஒன்றில் உங்கள் அண்ணன் மகன் முறை மாப்பிள்ளை, இன்னொன்றில் தடை செய்யப்பட்டவர். இதைச் சாதாரண மனிதருக்குப் புரிகிற மொழியில் ஒரு பலகையில் எழுதி அலுவலக வாசலில் மாட்டியிருந்தால் பாதித் தரகர்கள் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள்.

அடுத்தது அந்த ‘உறவில்லை’. அந்தச் சட்டப்படி திருமணம் செய்கிறவர்கள், தாங்கள் தடை செய்த உறவில் இல்லை என்று மூன்று சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்றால் சிறையும் அபராதமும் வரும் என்று தெரிந்தே போடுகிறேன் என்பதும் அதே தாளில் இருக்கும். கையெழுத்து உங்கள் மகளுடையது, தரகர் பெயர் எங்கேயும் இருக்காது. இன்றைக்கு யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். நாளைக்கு ஒரு சொத்துத் தகராறு, ஜீவனாம்ச வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் உருவுகிற தாள் அதுதான். “உறவில்லை என்று நீங்களே எழுதினீர்களே, இப்போது வழக்கம் என்கிறீர்களே” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வெளிநாட்டில் ஸ்பெஷல் மேரேஜ் சான்றிதழ்தான் செல்லும் என்று தரகர்கள் சொல்வது பழைய பாட்டு. முறைப்படி கல்யாணம் முடித்து, இந்து திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதியுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்தாக வேண்டும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், வீட்டில் இருக்கும் கல்லூரிப் பிள்ளை போதும். விண்ணப்பத்தில் எந்தச் சட்டம் என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பிற்காலத்தில் கேள்வி வந்தால், வழக்கம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியது அதைச் சொல்கிறவர்தான். அதனால் உங்கள் வீட்டிலும் அண்ணன் வீட்டிலும் யார் யார் மாமன், அத்தை வீட்டில் கட்டினார்கள் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகள் பரணில் இருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அலுவலகத்தில் “சொந்தமா?” என்று கேட்டால், “ஆமாம், மாமன் மகன்” என்று மகளே சொல்லட்டும். முடியாது என்றால் வாசலில் நிற்கிறவரிடம் போகாதீர்கள். காரணத்தை எழுதித் தரச் சொல்லி உள்ளேயே கேட்டு வாங்குங்கள்.