புது ஊரில் எந்தப் பகுதியில் தங்குவது? இரவு பத்து மணியை வைத்து முடிவு செய்யுங்கள்

கேள்வி இதுதான்: முதல் முறையாக ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறேன், அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை. நடு நகரில் அறை வாடகை ஏகத்துக்கு இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போனால் பாதிதான். எந்தப் பகுதியில் தங்குவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

என்னைக் கேட்டால், பகல் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். பகலில் எங்கிருந்தும் எங்கும் போய்விடலாம். உடம்பில் தெம்பு இருக்கும், வண்டி ஓடும், வழி கேட்க ஆள் இருக்கும். இரண்டாம் நாள் இரவு பத்து மணியை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க நடந்து கால் கெஞ்சுகிறது, போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ், கையில் ஒரு பை. அப்போது அறைக்குத் திரும்புகிற வழி எங்கே சுலபமாக இருக்கிறதோ, அதுதான் உங்கள் பகுதி.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் நானும் அக்காவும் ஒரு நகரத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம், தப்பு ஊர் மேல் இல்லை. மேப்பில் ரயில் நிலையத்துக்கும் விடுதிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. ‘நிலையத்திலிருந்து 300 மீட்டர்’ என்று விடுதிக்காரரும் போட்டிருந்தார். பொய் இல்லை, ஸ்கேல் வைத்து அளந்தால் 300 மீட்டர்தான். ஆனால் நடுவில் எட்டுத் தண்டவாளம். நிலையத்தின் வாசல் அந்தப் பக்கம், விடுதி இந்தப் பக்கம். கடப்பதற்கு ஒரு நடைமேம்பாலம், லிஃப்ட் இல்லை. அக்காவின் பெட்டியில் ஒரு சக்கரம் விமானத்தில் வரும்போதே உடைந்திருந்தது. ஒவ்வொரு படிக்கும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஏற நாற்பத்து மூன்று படி. வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். பாலத்தின் நடுவில் மூச்சு வாங்க நின்றோம். கீழே விடுதியின் பெயர்ப்பலகை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது, எட்டித் தொட்டுவிடலாம் போல. “மேப்ல பக்கத்துலதானடா இருந்துச்சு?” என்றாள்.

அடுத்த நான்கு இரவும் அதே படிகள். மூன்றாம் நாளிலிருந்து அக்கா சாயங்காலம் ஆனதுமே “போதும்டா, திரும்பிடலாம்” என்று ஆரம்பித்துவிட்டாள். விளக்குகள் எரிகிற நேரத்தில் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்க்கவே இல்லை. வாடகையில் மிச்சம் பிடித்தோம், சாயங்காலங்களை விட்டுவிட்டோம்.

சரி, இப்போது நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். பார்க்க நினைக்கும் இடங்களை எல்லாம் மேப்பில் குறித்துக்கொள்வேன். குறித்து முடித்து தள்ளி நின்று பார்த்தால், நாலைந்து இடங்கள் ஒரு பக்கமாகக் கும்பலாக இருக்கும், ஒன்றிரண்டு எங்கோ தனியாகக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் நடுவே அறை தேடுவது வீண்வேலை. அந்தத் தனி இடங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கிப் போய்வந்தால் ஆயிற்று. கும்பல் இருக்கும் பக்கத்துக்கு எந்த ரயில் பாதை, எந்த பஸ் தடம் போகிறது என்று பார்த்து, அதே பாதையில் நிலையத்துக்குப் பக்கமாக அறை தேடுவேன். வண்டி மாறாமல் போய்வர முடிந்தால் இருபது நிமிடப் பயணம் ஒரு பொருட்டே இல்லை. இரண்டு முறை மாற வேண்டியிருந்தால் அதே இருபது நிமிடம் இரவில் ஒரு மணி நேரமாக நீளும்.

நடு நகர் என்ற சொல்லையே நான் அவ்வளவாக நம்புவதில்லை. டோக்கியோவில் எதை நடு என்பீர்கள்? அங்கே யாமனோடே என்று ஒரு வட்ட ரயில் பாதை இருக்கிறது. 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஷின்ஜுகு, ஷிபுயா, உவேனோ, டோக்கியோ நிலையம் எல்லாமே அந்த வட்டத்தில்தான் வருகின்றன. பேர்பெற்ற நிலையத்தில்தான் தங்குவேன் என்று அடம் பிடிக்காமல், அதே வட்டத்தில் யாரும் பேசாத ஒரு நிலையத்தின் அருகே தங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. ஒரு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும்: அங்கே ரயில்கள் இரவு முழுக்க ஓடுவதில்லை. நள்ளிரவைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், திரும்ப விடியற்காலையில்தான்.

லண்டனில் கதையே வேறு. வரலாற்றுப்படி ஊரின் நடு என்றால் ‘சிட்டி ஆஃப் லண்டன்’ என்ற, ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்புள்ள பகுதிதான். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 8,600 பேர். வேலைக்கு வந்து போகிறவர்களோ ஐந்து லட்சத்துக்கு மேல். அவ்வளவு பேரும் கிளம்பிப் போன சனி, ஞாயிறில் பல தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும், கடைகள் பலவும் பூட்டியிருக்கும். அலுவலகப் பகுதிகளில் வார இறுதிக்கு அறை மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

பெரிய ரயில் நிலையம் இருக்கும் இடம்தான் நடு நகர் என்பதும் தப்புக் கணக்கு. லண்டனில் பாடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் எல்லாம் வடக்கே ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1846-இல் ஒரு அரசுக் குழு, நடு நகருக்குள் ரயில் நுழைய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதனால் நிலையங்கள் அன்றைய ஊரின் விளிம்போடு நின்றன. அவற்றையும் நகரையும் இணைக்கத்தான் 1863-இல் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை உலகின் முதல் சுரங்க ரயில் வந்தது. விஷயத்தை விட்டு விலகுகிறேன், ஆனால் ஊர் எப்படி வளர்ந்தது என்று கொஞ்சம் தெரிந்தால் மேப் தானாகப் பேச ஆரம்பிக்கும். பாரிஸில் 20 வட்டாரங்கள், நடுவில் ஒன்றாம் எண்ணில் தொடங்கி நத்தை ஓடு போலச் சுழன்று வெளியே போகின்றன. அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கம் அந்த எண்தான்: 75004 என்றால் நாலாம் வட்டாரம். விடுதி விளம்பரம் ‘நகரின் இதயத்தில்’ என்று என்ன வர்ணித்தாலும், முகவரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்ணீர் இருக்கும் ஊர்களில் கூடுதல் கவனம் வேண்டும். இஸ்தான்புல் மேப்பில் ஆசியக் கரையும் ஐரோப்பியக் கரையும் கைக்கெட்டும் தூரம். நடுவே போஸ்பரஸ் நீரிணை. 2013 முதல் கடலுக்கு அடியில் மர்மராய் ரயில் ஓடுகிறது, மேலே படகுகளும் உண்டு. ஆசியக் கரையில் தங்குவது மோசமான யோசனை இல்லை. கடைசிப் படகும் கடைசி ரயிலும் எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் தங்குவதுதான் மோசம்.

வெனிஸில் மட்டும் என் பேச்சை நானே மாற்றிக்கொள்வேன். மெயின்லாந்தில் இருக்கும் மெஸ்த்ரேவிலிருந்து ரயிலில் பத்தே நிமிடம், அறையும் மலிவு. என் கணக்குப்படி அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் பகல் கூட்டம் கரைந்த பிறகுதான் அந்த ஊருக்கே அழகு. அந்த நேரம் பார்த்து நீங்கள் ரயில் ஏறிக்கொண்டிருப்பீர்கள். ஒரே இரவாக இருந்தாலும் தீவுக்குள் தங்கிவிடுங்கள் என்பேன். அதே சமயம், ஊர் நுழைவில் இருக்கும் பியாத்சாலே ரோமா சதுக்கத்துக்கு அப்பால் கார் போகாது. பாலங்கள் 400-க்கு மேல், பெரும்பாலும் படி வைத்தவை. அக்காவின் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அறையைப் பதிவு செய்வதற்கு முன் நான் தவறாமல் செய்யும் ஒரு வேலை. மேப்பில் புறப்படும் நேரத்தை ‘இப்போது’ என்று விடாமல், ஒரு செவ்வாய் இரவு பத்தரை என்று மாற்றி, நான் கடைசியாக இருக்கப்போகும் இடத்திலிருந்து அறைக்கு வழி கேட்பேன். அப்புறம் ஞாயிறு இரவுக்கும் ஒரு முறை. பகலில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று காட்டிய தடம், இரவில் நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்று காட்டும். அது முடிந்ததும், தெருவைப் புகைப்படமாகக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவில் நிலையத்து வாசலிலிருந்து விடுதி வாசல் வரை நடந்து பார்ப்பேன். நடைபாதை இருக்கிறதா, மேடா, படியா, வழியில் வீடுகளும் கடைகளும் உண்டா, இல்லை நீளமாக ஒரு மதில் சுவர் மட்டும்தானா. தெருவில் மருந்துக்கடை, துணி வெளுக்கும் கடை, மளிகைக் கடை தெரிந்தால் எனக்கு நிம்மதி. அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று அர்த்தம். நினைவுப் பொருள் விற்கும் கடைகள் மட்டுமே வரிசையாக இருந்தால், அவை மூடிய பிறகு தெருவில் யார் இருப்பார்கள்?

‘நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது: 80 மீட்டருக்கு ஒரு நிமிடம். சிக்னலில் நிற்பதும் மேடு ஏறுவதும் அந்தக் கணக்கில் வராது. விதி வைத்துச் சொல்கிற இடத்திலேயே இப்படி என்றால், விதியே இல்லாமல் சொல்கிற இடங்களில் எப்படி இருக்கும்! பெட்டியோடு போனால் நான் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்வேன். ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் பதிவு செய்து முடிக்கும் வரை பெரும்பாலும் துல்லியமான முகவரி காட்டாமல் தோராயமாக ஒரு வட்டம் மட்டும் காட்டுவார்கள். அந்த வட்டத்தின் மிக மோசமான ஓரத்தில் வீடு இருப்பதாக வைத்துப் பாருங்கள். அதுவும் பரவாயில்லை என்று தோன்றினால் மட்டும் மேலே போங்கள்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் நான் படிப்பதில்லை. முன்னவர் தேனிலவுக்கு வந்திருப்பார், பின்னவர் வரவேற்பறையில் சண்டை போட்டிருப்பார். மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் உபயோகமானவர்கள். அவர்கள்தான் “கீழே மது பார் இருக்கிறது, இரவு மூன்று மணி வரை பாட்டு”, “நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை” என்று எழுதுவார்கள். சத்தம், படி, இரவு என்ற மூன்று சொற்களைத் தேடிப் படித்தால் போதும். அந்தப் பகுதி பாதுகாப்பானதா என்பதற்கு, ஐந்து வருடம் முன்பு யாரோ எழுதியதைவிட, போன மாதம் தனியாகப் போய்வந்த ஒரு பெண் எழுதிய இரண்டு வரியை நான் அதிகம் நம்புவேன்.

பாதி வாடகை என்றீர்களே, அதற்கு வருகிறேன். தள்ளித் தங்குவதால் ஒரு வழிக்கு நாற்பது நிமிடம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர எண்பது. நான்கு நாளில் 320 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட அரை நாள். போக்குவரத்துச் செலவையும், கடைசி ரயிலை விட்டுவிட்டு ஒரு இரவாவது டாக்ஸி பிடிப்பதையும் சேர்த்துவிட்டு, அதன் பிறகும் மிச்சம் இருந்தால் தாராளமாகத் தள்ளித் தங்குங்கள். பத்து நாள் தங்குகிறீர்கள், காலையில் அவசரம் இல்லை என்றால் தள்ளித் தங்குவதே மேல். இரண்டே நாள் என்றால் நான் செய்ய மாட்டேன். சின்னக் குழந்தையோ வயதானவரோ கூட வந்தால், மதியம் ஒரு மணி நேரம் அறைக்கு வந்து படுத்துவிட்டுப் போக முடிகிற தூரம் வேண்டும்.

முதல் இரவையும் கடைசி இரவையும் மட்டும் தனியாகப் பாருங்கள். விமான நிலையத்தின் பெயரில் ஊர் இருப்பதால் அது ஊருக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. டோக்கியோவின் நரிடா சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. பாரிஸ் பெயரைச் சேர்த்துச் சொல்லும் போவே விமான நிலையம் 80 கிலோமீட்டருக்கும் மேல். நள்ளிரவில் இறங்குகிறீர்கள் என்றால் அந்த ஒரு இரவு அங்கேயே பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், காலையில் ஊருக்குள் போகலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இரண்டு பகுதிகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால், ஒன்றில் முதல் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு, மீதி நாட்களுக்கு ரத்து செய்யக்கூடிய அறையாக இன்னொன்றில் போட்டுவையுங்கள். போன முறை அக்காவோடு பயணம் போட்டபோது நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு விடுதிகளின் இணைப்பையும் அவளுக்கு அனுப்பினேன். படங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, “எத்தனை படி?” என்று மட்டும் பதில் வந்தது.