அந்தமான் வண்டுக்கு 2 லட்சமா?

கேள்வி: அந்தமானில் வேலை பார்க்கும் என் மச்சான், விளக்கடியில் செத்துக் கிடந்த பெரிய வண்டு ஒன்றை எடுத்து வந்தார். நீளம் 5 செ.மீ., சாம்பல் பழுப்பு நிறம், கழுத்தருகே இரண்டு மஞ்சள் திட்டுகள், உடம்பைவிட நீளமான கொம்பு. அரிய வகை, சான்றிதழ் வாங்கினால் 2 லட்சத்துக்குப் போகும் என்று ஒருவர் 5,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். இது என்ன வண்டு? என் மா, தென்னைக்கு ஆபத்தா? (வாசகர், பேராவூரணி)

பதில்: அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். வண்டுக்கு விலை போட்டுச் சான்றிதழ் தரும் அரசு அலுவலகம் எதுவும் கிடையாது. மான்கொம்பு வண்டு என்ற வேறொரு வண்டுக்கு லட்சக்கணக்கில் விலை என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியதிலிருந்து இந்தத் தரகர்கள் பெருகிவிட்டார்கள். கஜா புயலில் தோப்பை இழந்து, கன்று வைத்து மறுபடி எழுந்தவர்களிடமே வந்து பறிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

சரி, வண்டுக்கு வருவோம். கண்ணைப் பாருங்கள். கொம்பின் அடியைச் சுற்றி அவரை விதை போல வளைந்திருந்தால் அது நீள்கொம்பு வண்டுக் குடும்பம். முகம் செங்குத்தாக இறங்கினால், நீங்கள் சொல்லும் மற்ற அடையாளங்களும் சேர்ந்து, படோசெரா என்ற பேரினத்தை (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டத்தை) காட்டுகின்றன. நம் ஊர் மாமரத் தண்டுத் துளைப்பானும் இதே பேரினம்தான். அந்தமானிலும் அது உண்டு. ஆகவே தீவிலிருந்து வந்ததாலேயே அரியது ஆகிவிடாது.

திட்டின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உயிரோடு இருக்கும்போது சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும் திட்டு, செத்து உலர்ந்ததும் வெளிறி மஞ்சளாகும், வெள்ளையாகக்கூட மாறும். உங்கள் வண்டின் மஞ்சள் பிறவி நிறமாக இல்லாமலும் இருக்கலாம். புத்தகத்திலோ இணையத்திலோ பார்த்த படத்தில் உள்ள சிவப்போடு ஒத்துப்போகவில்லை, அதனால் புது இனம் என்று முடிவு கட்டாதீர்கள். கொம்பின் நீளமும் அப்படித்தான். ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு.

இனத்தின் பெயரைப் போட்டோ பார்த்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மேலிருந்தும் அடியிலிருந்தும் நேர்முகமாகவும், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எந்தத் தீவு, எந்த ஊர், என்ன தேதி, விளக்கடியில் கிடைத்தது என்று சீட்டில் எழுதி வண்டோடு வையுங்கள். சீட்டு இல்லாத வண்டால் ஆய்வாளருக்குப் பெரிய பயன் இல்லை. நன்றாக உலர்த்தி, எறும்பு ஏறாத டப்பாவில் அந்துருண்டை போட்டு மூடுங்கள். சென்னையிலும் அந்தமானிலும் இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கு மையங்கள் உள்ளன. வண்டையும் படங்களையும் அங்கே காட்டிப் பெயர் கேளுங்கள். டெல்டாவில் ஒரு விவசாயி பூச்சியைக் கையில் கொண்டுபோய்ப் பெயர் கேட்க, நடக்கும் தூரத்தில் ஓர் இடம் இல்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம். வேறோர் அலுவலகத்துக்கு நான் அனுப்பிய மாதிரிக்கு ஓராண்டாகியும் பதில் வரவில்லை.

செத்த வண்டால் தோப்புக்கு ஆபத்தில்லை. மருந்து தெளிக்கச் சொல்லி யாராவது வந்தாலும் அனுப்பிவிடுங்கள். வண்டுகளில் தென்னைக்கு முக்கிய எதிரிகள் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும்தான். மாமரத்தின் அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிடந்தால் மேலே துளையைத் தேடி, கம்பியை விட்டுப் புழுவை வெளியே இழுத்துப் போடுங்கள்.